பக்கத்து சீட்டில் பிரேக்கக்கா

பிரேக்கக்காவுக்கு அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பேரைச் சொல்லி விசாரித்தால் அவள் தெருக்காரர்களே திருதிருவென்று முழிப்பார்கள். டிரைவிங் ஸ்கூலில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எவனோ ஒரு மாணவன் எரிச்சலில் வைத்த பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது. எல் போர்டு மாட்டிய சின்ன வெள்ளைக் காரில், ஓட்டுகிறவனுக்குப் பக்கத்து சீட்டில், மடியில் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருப்பாள். அவள் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும். ஸ்கூல் கார் என்றால் அப்படித்தான். கற்றுக்கொள்கிறவனுக்கு ஒன்று, கற்றுக்கொடுக்கிறவளுக்கு ஒன்று.

அந்த இரண்டாவது பிரேக்கை மிதிப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மிதித்தது தெரியாமல் மிதிப்பாள். எதிரே லாரியைப் பார்த்த மாணவன் கை கால் வெலவெலத்துப் போய் எதையோ மிதிப்பான், வண்டி அலுங்காமல் நிற்கும். "பாத்தியா, நீயே நிறுத்திட்ட" என்பாள். அவனும் நம்பிவிடுவான். இப்படித் தாங்களே நிறுத்தினோம் என்று நம்பி நம்பியே அந்த வட்டாரத்தில் பாதிப் பேர் டிரைவர் ஆகியிருக்கிறார்கள். அந்த ரகசியத்தை அவள் யாருக்கும் சொன்னதில்லை. மனிதனுக்கு முதலில் தைரியம் வரட்டும், பிரேக் பிறகு வரும் என்பது அவள் கட்சி.

இந்த வேலையால் அவளுக்கு ஒரு சீக்கும் வந்து சேர்ந்தது. ஓடுகிற வண்டியில் அவளால் கண் மூட முடியாது. பஸ்ஸில் எல்லாரும் வாய் பிளந்து தூங்க, இவள் மட்டும் டிரைவரின் முதுகைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தபடி வருவாள். இறங்கும்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை அவரிடம் சொல்லாமல் இறங்க மாட்டாள்.

இத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்தவளால் ஒரே ஒருவருக்கு மட்டும் சொல்லிக்கொடுக்க முடியவில்லை. அவர் அவள் வீட்டுக்காரர். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை, அதனால் தெருவுக்கு அவர் கண்ணாடிக்காரர். ஒரு லென்ஸைக் கையில் எடுத்தால் அது அவருக்கு முன்னால் சலித்துப்போகும், அவ்வளவு நிதானம். கல்யாணமான புதிதில் அவருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்க ஆசைப்பட்டாள். மாணவர்களிடம் ரகசியமாக மிதிக்கிற கால், சொந்தப் புருஷனிடம் ரகசியம் பார்க்கவில்லை. பறவை பறந்தால் மிதித்தாள், பாட்டி இருமினால் மிதித்தாள். மிதித்த கையோடு, "கண்ணு எங்கே இருக்கு உங்களுக்கு? கடையில வச்சுட்டு வந்தீங்களா?" என்று கேட்டாள். மனிதர் ஒரு நாள் நடுத்தெருவில் வண்டியை ஓரம் கட்டி, சாவியை அவள் கையில் கொடுத்து, "எனக்கு சைக்கிள் போதும்மா" என்று சொல்லிவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தார். அன்றிலிருந்து சைக்கிள்தான்.

சாயங்காலம் அந்த சைக்கிளை அவர் கேட்டுக்குள் கோணலாக நிறுத்துவார். ஜன்னலிலிருந்து, "நேரா விடுங்க!" என்று ஒரு குரல் வரும். அவர் நேராக விடுவார். இப்படி எத்தனையோ வருஷம் ஓடிவிட்டது.

இப்படிப்பட்டவளுக்கு இடது மார்பில் ஒரு கட்டி. சோதித்துப் பார்த்துப் புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்த அன்று கண்ணாடிக்காரர் கடைக்குப் போகவில்லை. மறுநாளிலிருந்து காலையில் வாக்கிங் போக ஆரம்பித்தார். "சீக்கு எனக்கு, வாக்கிங் உங்களுக்கா?" என்று கேலி செய்தாள். எவ்வளவு நடந்தும் அவர் தொப்பை மட்டும் இறங்கவேயில்லை, அதையும் கேலி செய்தாள்.

ஆபரேஷன் முடிந்தது. மார்பை முழுக்க எடுத்தார்கள், அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள். பார்க்க வந்தவர்கள் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று தெரியாமல் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருக்க, இவளே, "இடது பக்க இண்டிகேட்டரைக் கழட்டிட்டாங்க, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டாள். உதவிக்கு வந்திருந்த நாத்தனார் அதைக் கேட்டு, "வாயைப் பாரு, வாயை!" என்று அவள் வாயைப் பொத்தப் போனாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது கூடவே ஒரு பாட்டிலையும் அனுப்பினார்கள். விலாப் பக்கம் தோலுக்குள்ளிருந்து ஒரு மெல்லிய டியூப் வெளியே வந்து அந்தப் பாட்டிலில் முடியும். காயத்துக்குள் கசிகிற நீர் தேங்காமல் அதில் வந்து இறங்க வேண்டும். நாத்தனார் பழைய ஜன்னல் திரையை வெட்டிப் பூப்போட்ட பை ஒன்று தைத்து, பாட்டிலை அதில் வைத்து அவள் கழுத்தில் மாட்டிவிட்டாள். போகிற இடமெல்லாம் கூட வருகிற, மறந்துபோய் எழுந்தால் சுரீரென்று இழுக்கிற அதற்குப் பிரேக்கக்கா 'சின்னவர்' என்று பேர் வைத்தாள். "இருங்க அண்ணி, சின்னவர் எழுந்திருக்கலை" என்பாள். நாத்தனாரும் தன்னை அறியாமல், "சின்னவரைச் சரியாப் பிடிச்சுக்கோ" என்று சொல்ல ஆரம்பித்தாள்.

சின்னவரைக் காலையில் காலி செய்வது கண்ணாடிக்காரர் வேலை. கையைச் சுத்தமாகக் கழுவி, பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கடையில் லென்ஸ் பார்க்கிற மாதிரி ஒரு கண்ணை மூடிக்கொள்வார்.

"நேத்தைக்கு இன்னிக்கு சிவப்பு குறைஞ்சிருக்கு. லேசா மஞ்சள் ஓடுது. அளவும் கம்மி."

"பவர் எவ்வளவுன்னு சொல்லுங்க, கண்ணாடி போட்டுடலாம்."

அவர் சிரிக்க மாட்டார். மறுநாளும் அதே கவனத்தோடு அளப்பார்.

வலி என்று கேட்டால், வெட்டின இடத்தை விட வெட்டாத இடம்தான் படுத்தியது. மேல்கையின் உள்பக்கம் மரத்துப்போய் வேறு யாருடைய கையோ போல இருந்தது. நடுநடுவே எறும்பு ஊர்ந்தது. உட்கார்ந்திருக்கும்போதே ஊசியால் குத்தினாற்போல ஒரு வலி வந்துவிட்டுப் போகும், வந்த வழி தெரியாது. எல்லாவற்றையும் விட அநியாயம், இல்லாத மார்பில் அரித்தது. "எடுத்துட்டுப் போனவங்க அரிப்பையும் சேர்த்து எடுத்துட்டுப் போயிருக்கக் கூடாதா?" என்று புலம்பினாள். தோளுக்குத் தினம் பயிற்சி உண்டு. சுவரைப் பார்த்து நின்றுகொண்டு விரல்களைச் சுவரில் மேலே மேலே நடத்த வேண்டும். சுவிட்ச் வரை ஏறினால் ஃபர்ஸ்ட் கியர், கடிகாரத்துக்குக் கீழே வரை போனால் செகண்ட். அதற்கு மேல் நாத்தனார் கூட இருந்தால்தான் முயற்சி செய்வாள். வலித்தால் திட்டுவதற்கு ஆள் வேண்டுமே!

பாட்டிலில் இறங்குகிற நீர் நன்றாகக் குறைந்ததும் ஆஸ்பத்திரியில் டியூபை எடுத்துவிட்டார்கள். எடுத்த நர்ஸ் ஆகிருதியான பெண்மணி. குரலும் அதற்கேற்ற மாதிரி.

"வீட்டுக்குப் போனதுக்கப்புறம் அந்த இடம் வீங்கினா, நீர் கோத்த மாதிரி இருந்தா, சிவந்துபோனா, காய்ச்சல் வந்தா உடனே வரணும். புரியுதா?"

"புரியுது" என்று தலையாட்டினாள். கிளட்சைப் பற்றிச் சொல்லும்போது அவள் மாணவர்கள் தலையாட்டுவார்களே, அதே ஆட்டு.

சின்னவர் போனதில் வீடே லேசானது. அடுத்த சில நாள் பிரேக்கக்கா வீடு முழுக்க வலம் வந்தாள். சமையலறையில் நாத்தனாருக்குப் பின்னால் நின்று கரண்டி பிடிப்பதற்குக்கூடப் பாடம் எடுத்தாள். அப்புறம் ஒரு நாள் குளிக்கும்போது கை தற்செயலாகத் தையலுக்குக் கீழே பட்டது. தட்டையாக இருந்த இடம் தட்டையாக இல்லை.

அவள் அதை அமுக்கிப் பார்த்தாள். மெத்தென்று இருந்தது. மறுநாள் இன்னும் கொஞ்சம் எழும்பியிருந்தது. அக்குளுக்குக் கீழே ஒரு பந்தை இடுக்கிக்கொண்டிருக்கிற மாதிரி, கையை உடம்போடு சேர்த்து வைக்கவே முடியவில்லை. தோல் விறைத்துப்போய் தோள்பட்டை வரை இழுத்தது. சுவரில் ஏறிக்கொண்டிருந்த விரல்கள் சுவிட்சுக்குக் கீழேயே நின்றுவிட்டன.

நர்ஸ் சொன்னது அவளுக்கு நினைவில்லாமல் இல்லை. 'நீர் கோத்த மாதிரி இருந்தா' என்று அந்தம்மாள் தெளிவாகத்தான் சொன்னாள். ஆனால் பயம் வந்துவிட்டால் காதில் விழுந்தது எதுவும் உதவிக்கு வருவதில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டரிடம், "முழுசா எடுத்துடுவீங்களா?" என்று கேட்டிருந்தாள். "முழுசா எடுத்துடுவோம்" என்றார் அவர். முழுசாக எடுத்த இடத்தில் இப்போது எது வளர்கிறது? அவளுக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். அது திரும்ப வந்துவிட்டது. போய்க் காட்டினால் அதை வாயால் சொல்லிவிடுவார்கள். காட்டாத வரைக்கும் யாரும் சொல்லவில்லை அல்லவா? மாசக் கடைசியில் எப்படியும் டாக்டரைப் பார்க்கிற நாள் வருகிறது, அது வரைக்கும் ஓடட்டும் என்று முடிவு செய்தாள். ஊரார் வண்டியில் ஒரு சின்ன சத்தம் கேட்டால்கூட உடனே ஒர்க்‌ஷாப்புக்கு விரட்டுகிறவள் எடுத்த முடிவு இது.

புருஷனின் பெரிய சட்டைகளை எடுத்துப் போட்டுக்கொண்டாள். கேட்டதற்கு, காற்றோட்டமாக இருக்கிறது என்றாள். கைக்குக் கீழே ஒரு சின்னத் தலையணையை இடுக்கிக்கொண்டாள். அதையும் டாக்டர் சொன்னதாகச் சொன்னாள். பாவம் டாக்டர், அவர் பேரில் அந்த வாரம் எத்தனையோ பொய்.

மறைக்க முடியாதது சத்தம் ஒன்றுதான். செருப்பை எடுக்கக் குனிந்தபோது உள்ளே 'குளக்' என்றது. நாத்தனார் காதைத் தீட்டிக்கொண்டாள். "எங்கேயோ தண்ணி ஆடுதே" என்று சமையலறைக்குப் போய் ஒவ்வொரு பாத்திரமாகக் குலுக்கிப் பார்த்தாள். தண்ணீர் டிரம்மின் மூடியைத் திறந்து மூடினாள். அடுத்த நாள் மறுபடி 'குளக்'. அன்றைக்கு வெந்நீர்ப் பை குற்றவாளியாகி அலமாரிக்கு மேலே போனது.

கண்ணாடிக்காரர் சத்தத்தைக் கவனிக்கவில்லை. அவர் கவனித்தது சத்தம் இல்லாததை. சாயங்காலம் சைக்கிளைக் கோணலாக விட்டார், ஜன்னலிலிருந்து குரல் வரவில்லை. தூங்குகிறாள் போல என்று நினைத்தார். மறுநாளும் வரவில்லை. அதற்கடுத்த நாள் வேண்டுமென்றே சைக்கிளை வாசலுக்குக் குறுக்கே, ஆள் நுழைய முடியாதபடி நிறுத்திவிட்டு, உள்ளே வந்து செய்தித்தாளை விரித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் துணி எடுக்க வெளியே வந்தவள் சைக்கிளைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. உடம்பை ஒடுக்கி, தலையணையை அணைத்துக்கொண்டு, சுற்றிப் போனாள். கண்ணாடிக்காரர் செய்தித்தாளை மடித்து வைத்தார். அன்று அவர் எழுந்துபோய் சைக்கிளைத் தானாகவே நேராக வைத்தார்.

மறுநாள் காலை அவள் எதிரே வந்து நின்றார்.

"கிளம்பு. ஆஸ்பத்திரி போறோம்."

"எதுக்கு? மாசக் கடைசியிலதானே வரச் சொன்னாங்க."

"அக்கா மூணு நாளா வீட்டுல இருக்கற பாத்திரத்தை எல்லாம் குலுக்கிட்டிருக்கா. சத்தம் எங்கேருந்து வருதுன்னு உனக்குத் தெரியும். இப்போ எனக்கும் தெரியும்."

அவள் தலையணையை இறுக்கிக்கொண்டாள். பிறகு வேறு பக்கம் பாய்ந்தாள்.

"எப்படிப் போறதாம்? பஸ்ஸில குலுங்கினா உயிரே போயிடும்."

"வாடகைக் கார்."

"வாடகைக் கார் ஓட்டறவன் பூரா நான் சொல்லிக்கொடுத்தவன்! ஒருத்தனுக்கும் பிரேக் போடத் தெரியாது. எனக்குத் தெரியாதா அது?"

அவள் வாயாலேயே அந்த ரகசியம் வெளியே வந்தது அன்றைக்குத்தான். கண்ணாடிக்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். டிரைவிங் லைசென்ஸ். அதில் கண்ணாடி கொஞ்சம் கோணலாக மாட்டிய ஒருவர் திருடனைப் போல முழித்துக்கொண்டிருந்தார்.

"யாரு இது?"

"நான்தான்."

"யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?"

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"கேக்கறேன்ல?"

"எதிர்த்தெருவுல."

எதிர்த்தெருவில் இன்னொரு டிரைவிங் ஸ்கூல் இருந்தது. அதை நடத்துகிறவர் முழங்கையை ஜன்னலில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் ஓட்டுவார், மாணவர்களுக்கும் அதையே பழக்குவார். பிரேக்கக்கா அவரை 'முழங்கை' என்றுதான் சொல்வாள். வருஷக்கணக்காக அவரோடு பேச்சுவார்த்தை கிடையாது.

"முழங்கைகிட்டயா!"

அந்த ஒரு வாரத்தில் அந்த வீட்டில் கேட்ட முதல் முழுக்குரல் அது. தையல் இழுத்து, "அம்மா" என்று தலையணையை அமுக்கிக்கொண்டாள். சமையலறையிலிருந்து நாத்தனார் கரண்டியோடு ஓடிவந்தாள்.

"வாக்கிங் போறேன்னு சொன்னீங்களே!"

"போனேன். கார்ல."

"என்கிட்ட ஒரு வார்த்தை..."

"ரிப்போர்ட் வந்த மறுநாளே சேர்ந்துட்டேன். உன்னால கொஞ்ச நாள் ஓட்ட முடியாது, யாராவது ஓட்டணும்ல? உன்கிட்ட சொன்னா நானே சொல்லித்தரேன்னு கிளம்பிடுவ."

கிளம்பியிருப்பாள்தான். ஆனால் கோபம் வந்தது, அது பயத்தைக் கொஞ்சம் ஓரமாகத் தள்ளியது. முழங்கையிடம் படித்த ஆள் தெருமுனை வரைகூட ஒழுங்காக ஓட்ட முடியாது என்று நிரூபித்தாக வேண்டும். அந்த வேகத்தில்தான் பிரேக்கக்கா செருப்பை மாட்டினாள்.

கார் மாடி வீட்டுக்காரருடையது, வாடகைக் காருக்கு அவள் சம்மதிக்க மாட்டாள் என்று தெரிந்து கண்ணாடிக்காரர் முந்தின நாளே கேட்டு வைத்திருந்தார். முன் சீட்டில் அவளை உட்காரவைத்து, சீட் பெல்ட் தையலில் உரசாமல் இருக்க நடுவில் தலையணையைச் செருகினார். நாத்தனார் பின்னால் தண்ணீர் பாட்டிலோடு ஏறிக்கொண்டாள். வண்டி கிளம்பியது. முப்பதைத் தாண்டவில்லை. சைக்கிளில் போன ஒருவர் மணி அடித்து முந்திக்கொண்டு போனார்.

பிரேக்கக்கா வேலையை ஆரம்பித்தாள். தெருமுனையில் பஸ் ஒன்று மூக்கை நீட்டியது, மிதித்தாள். வண்டி நின்றது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் குறுக்கே வந்தார்கள், மிதித்தாள், நின்றது. வேகத்தடைக்கு முன்னால் மிதித்தாள். வண்டி அதன் மேல் ஏறி இறங்கியதே தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும், 'நான் மட்டும் இல்லைன்னா' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். ஒரு இடத்தில் வெறும் பிளாஸ்டிக் கவர் ஒன்று காற்றில் எழும்ப, அதற்கும் மிதித்தாள். நட்டநடுச் சாலையில் வண்டி நின்றது. பின்னால் வந்தவன் ஹாரனை அடித்துத் தீர்த்தான். கண்ணாடிக்காரர் மறுபடி கியரைப் போட்டார். அவள், "முழங்கையை உள்ளே எடுங்க" என்றாள். முழங்கை உள்ளேதான் இருந்தது.

ஆஸ்பத்திரி கேட்டைப் பார்த்ததும் கோபம் வடிந்துபோய்விட்டது. படிக்கட்டில் ஏறும்போது அவள் புருஷனின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். அவர் பார்த்தும் பார்க்காத மாதிரி நடந்தார்.

அதே நர்ஸ்தான் இருந்தாள். சட்டையை விலக்கிப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்தாள்.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"ரெண்டு மூணு..."

"ஒரு வாரம் இருக்கும்" என்றாள் நாத்தனார். "நான் வெந்நீர்ப் பையையே மேலே தூக்கி வச்சுட்டேன்."

டாக்டர் வந்து அமுக்கிப் பார்த்தார். சிவப்பு இருக்கிறதா, சூடு இருக்கிறதா என்று பார்த்தார். நர்ஸிடம் தலையசைத்துவிட்டு, எடுத்ததும் சொல்லுங்கள் என்று அடுத்த படுக்கைக்குப் போனார். பிரேக்கக்கா படுத்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடி, ஊசிக்காகக் காத்திருந்தாள். ரொம்ப நேரம் காத்திருந்தாள்.

"எப்போ குத்துவீங்க?"

"குத்தியாச்சு. பாதி எடுத்தாச்சு" என்றாள் நர்ஸ். மரத்துப்போன தோல் அதற்காவது உதவியது.

கண்ணைத் திறந்தாள். தடிமனான சிரிஞ்சில் லேசான மஞ்சளில் தெளிந்த நீர் ஏறிக்கொண்டிருந்தது. சின்னவரிடம் கடைசி நாட்களில் இருந்த அதே நிறம். கண்ணாடிக்காரர் பழக்கதோஷத்தில் ஒரு கண்ணை மூடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சிரிஞ்ச் நிறைந்து இன்னொன்று வந்தது. அக்குளில் இடுக்கியிருந்த பந்து இறங்க இறங்க, தோள் தானாகத் தளர்ந்தது. அவ்வளவு நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. தாடை வலித்தது.

"சிஸ்டர்" என்றாள். "அது திரும்ப வந்துடுச்சா?"

"எது?"

"அதுதான்."

நர்ஸ் கையை நிறுத்தாமல் அவள் முகத்தைப் பார்த்தாள்.

"இதுக்குத்தான் ஒரு வாரமா வராம இருந்தீங்களா? இது தண்ணிம்மா. எடுத்த இடம் காலியா இருக்கு, முடிச்சுகளையும் எடுத்தாச்சு, கசியற நீர் போக வழியில்லாம தேங்குது. இங்க வர்றவங்க நிறையப் பேருக்கு இப்படி ஆகும். மறுபடியும் சேரலாம், சேர்ந்தா மறுபடி எடுப்போம். கொஞ்சம் கொஞ்சமா நின்னுடும். நீங்க நினைச்சது இது இல்லை."

டாக்டரும் வந்து அதையே சொன்னார். ஆபரேஷனில் எடுத்ததைச் சோதித்த ரிப்போர்ட்டும் நல்லபடியாக வந்திருக்கிறது, மருந்தும் தொடர்ந்து பார்ப்பதும் எப்படியும் உண்டு, அது வேறு, இது வேறு என்றார். பிரேக்கக்கா தலையாட்டினாள். இந்தத் தடவை புரிந்துகொண்டு ஆட்டினாள். பிறகு, ரிப்போர்ட் வந்த அன்று அழாதவள், ஆபரேஷன் அன்று அழாதவள், அந்தப் படுக்கையில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை போல ஓவென்று அழுதாள். சாகப்போகிறோம் என்று ஒரு வாரம் தனியாக நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு அழ உரிமை உண்டு. நாத்தனாரும் கூடச் சேர்ந்து அழுதாள். கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றித் துடைத்தார்.

"யாரு கூட்டிட்டு வந்தது?" என்று நர்ஸ் கேட்டாள், பேச்சை மாற்ற.

"இவர்தான். நல்ல வேளை, வழி பூரா நான் பிரேக் போட்டுட்டே வந்தேன்" என்றாள் பிரேக்கக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு. நர்ஸுக்குப் புரியவில்லை.

திரும்பி வந்து காரில் ஏறினாள். கண்ணாடிக்காரர் தலையணையைச் செருகப் போகையில் அது நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கலாம் என்று அவள் காலை விலக்கினாள். விலக்கியவள் அப்படியே இருந்தாள்.

காலடியில் ஒரு ரப்பர் மேட் இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. மேட்டில் ஒரே இடத்தில் அவள் செருப்பின் மண் அப்பி அப்பி அப்பளம் போல வட்டமாகப் படிந்திருந்தது. மாடி வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூல் நடத்தவில்லையே, அவர் காரில் இரண்டாவது பிரேக் எப்படி இருக்கும்?

மேட்டைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். அவர் பெல்ட்டை மாட்டுவதில் ரொம்ப மும்முரமாக இருந்தார்.

"வரும்போது வண்டி எப்படி நின்னுச்சு?"

"நான்தான் நிறுத்தினேன்."

"நான் மிதிச்சப்போ எல்லாம் நின்னுச்சே?"

"உன் முட்டி எழும்பறது எனக்குத் தெரியும்ல. நீ மிதிச்சப்போ எல்லாம் நானும் மிதிச்சேன்."

"அந்தப் பிளாஸ்டிக் கவருக்குமா?"

"நீ மிதிச்சியே."

பின் சீட்டில் நாத்தனார் எதையும் கவனிக்காமல் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். பிரேக்கக்காவுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை. எத்தனை பேரை இப்படி நம்பவைத்திருப்பாள்! தனக்கு ஒருவர் அதைச் செய்தபோது கண்டுபிடிக்கத் துப்பில்லை. இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்த மனிதர் தன் முட்டி எப்போது எழும்பும் என்று படித்து வைத்திருக்கிறார், தான் அவருக்கு சைக்கிள் நிறுத்தத் தெரியவில்லை என்று கத்திக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் மனசு நிறைந்துபோயிற்று. அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் தலைக்கனம் ஏறிவிடும் என்று நினைத்திருக்கலாம்.

"சரி, எடுங்க வண்டியை" என்றாள்.

இரண்டு காலையும் பின்னுக்கு இழுத்து, செருப்பைக் கழற்றிவிட்டு, சீட்டுக்கு அடியில் கோத்துக்கொண்டாள். தலையணையை அணைத்தாள். முதல் சிக்னல் அவளுக்கு நினைவிருக்கிறது. அது பச்சையா சிவப்பா என்று நினைவில்லை.

கண் விழித்தபோது கழுத்து ஒரு பக்கமாகப் பிடித்திருந்தது. வெளியே பார்த்தாள். நீளமான ஒரு தொழிற்சாலைச் சுவர், அதையொட்டி மரங்கள். பின்னால் நாத்தனார் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். வண்டி அதே முப்பதில் போய்க்கொண்டிருந்தது.

"இது எந்த இடம்?"

"வீட்டைத் தாண்டி ரொம்ப தூரம் வந்துட்டோம்."

"ஏன் நிறுத்தலை?"

கண்ணாடிக்காரர் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீ மிதிக்கலையே" என்றார்.